ஐம்பத்தைந்துக்கு மேல்: எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது

வயது ஏறினால் பக்குவம் தானாக வந்துவிடும் என்று நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். தானாக வருவது நரையும் வெள்ளெழுத்தும்தான். "அவர் பக்குவமான மனுஷர்" என்று ஊரில் யாரைச் சொல்கிறார்கள் என்று கவனித்தால், பெரும்பாலும் ஒரு காரியத்தில் அவர்கள் கெட்டியாக இருப்பது தெரியும். கையில் இருப்பதை எப்போது, யாரிடம், எந்த அளவுக்கு ஒப்படைப்பது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பழைய வீடுகளில் மாமியார் இடுப்புச் சாவிக்கொத்து மருமகள் கைக்குப் போவது ஒரு பெரிய சம்பவம். சில வீடுகளில் அது போகவே போகாது. பாட்டி படுத்த படுக்கையான பிறகு தலையணைக்கடியிலிருந்து எடுப்பார்கள். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று சொல்ல அப்போது பாட்டியால் முடியாது.

இந்தக் கைமாற்றத்துக்கு ஏற்ற காலம் ஐம்பத்தைந்து முதல் அறுபத்தைந்து வரை. உடம்பில் தெம்பு இருக்கும், பிள்ளைகளும் ஒரு நிலைக்கு வந்திருப்பார்கள். தமிழக அரசு ஊழியர்களுக்கு ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. ஆக, வேலையை விடுவதும் அறுபதாம் கல்யாணமும் இப்போது ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. திருக்கடையூரில் மண்டபம் பிடிக்க ஆறு மாதம் முன்பே அலைகிறவர்கள், ஓய்வு பெற்ற மறுநாள் காலை பத்து மணிக்கு என்ன செய்யப்போகிறோம் என்பதை மட்டும் யோசிப்பதில்லை.

முதலில் பிரிக்க வேண்டும். ரேமண்ட் கேட்டெல் என்ற உளவியலாளர் அறிவை இரண்டு வகையாகப் பார்த்தார். புதிய சிக்கலைச் சட்டென்று அவிழ்க்கிற வேகம் ஒன்று. இளமையில் உச்சம் தொட்டுப் பிறகு மெல்ல இறங்குவது. சொல்வளமும் படித்துப் பழகிச் சேர்த்த அறிவும் இன்னொன்று. அறுபதைத் தாண்டியும் தாங்குவது. வீட்டுக் காரியங்களையும் இதே கணக்கில் பிரிக்கலாம். தட்கல் டிக்கெட் போடுவது, இரவில் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவது, ஆன்லைனில் பில் கட்டுவது எல்லாம் வேகம் கேட்கிற வேலை. தயங்காமல் கொடுத்துவிடலாம். கொத்தனார் தரும் எஸ்டிமேட்டில் எங்கே இடிக்கிறது என்று பார்ப்பது, சம்பந்தி வீட்டாரிடம் ஒரு சங்கடமான விஷயத்தைப் பேசுவது, பங்காளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்பது, இவையெல்லாம் நிதானம் கேட்பவை. இவற்றை அவசரப்பட்டு விடக்கூடாது. நடப்பது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. எழுபது வயதில் காரை விட மனசு வராது. பஞ்சாயத்துப் பேச மட்டும் "எனக்கெதுக்கு வம்பு" என்று ஒதுங்கிக்கொள்வார்கள்.

கொடுக்கும்போது வேலையை முழுசாகக் கொடுக்க வேண்டும், அதற்கான பணத்தோடு. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதையே எடுத்துக்கொள்வோம். பூசாரிக்குச் சொல்வது, பங்காளிகளிடம் தலைக்கட்டு வரி வாங்குவது, வேன் பேசுவது, சமையல் ஆளுக்கு அச்சாரம் கொடுப்பது, யாருக்கு முதல் மரியாதை என்ற வில்லங்கம் எல்லாம் சேர்ந்த வேலை அது. இதைக் கைமாற்ற மூன்று வருஷம் வேண்டும். முதல் வருஷம் பெரியவர் செய்ய, இளையவர் கூடவே இருந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்: யார் பெயர், எந்த நம்பர், எவ்வளவு பணம், எத்தனை நாள் முன்பு. இரண்டாம் வருஷம் இளையவர் செய்ய, பெரியவர் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். மூன்றாம் வருஷம் பெரியவர் விருந்தாளியாக வேனில் ஏறி உட்கார வேண்டும்.

கெட்டுப்போவது இரண்டாம் வருஷத்தில்தான். சாதம் பத்துமா என்று சந்தேகம் வந்து, பெரியவர் தாமே சமையல்காரருக்கு ஒரு போன் போட்டுவிடுவார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த ஒரு போனோடு, யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது சமையல்காரருக்குப் புரிந்துவிடுகிறது. அதன்பிறகு இளையவர் என்ன சொன்னாலும் "ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்பார். சாதம் ஒருமுறை பற்றாமல் போனால் போகட்டும், அடுத்த வருஷம் அவர்களே இரண்டு படி கூடப் போடுவார்கள்.

கைப்பக்குவத்தைக் கைமாற்றுவது இதைவிடக் கஷ்டம், ஏனென்றால் செய்கிறவருக்கே அளவு தெரியாது. "உப்பு எவ்வளவும்மா?" என்றால் "கையளவு" என்பார். அம்மாவின் கை வேறு, மகளின் கை வேறு. இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. சமையலறை எடைமெஷின் ஒன்றை வாங்கி, உப்பு ஜாடியைத் திறந்து அதன்மேல் வைத்துவிட்டுப் பூஜ்யம் செய்கிற பொத்தானை அழுத்துங்கள். அம்மா வழக்கம்போல அள்ளிப் போடட்டும். திரையில் எண் கழித்தல் குறியோடு நிற்கும்: −140 என்றால் எடுத்தது 140 கிராம். அவர் கையைத் தடுக்கவும் வேண்டாம், அளந்து போடச் சொல்லவும் வேண்டாம். அளக்கச் சொன்னால் கை தடுமாறிவிடும், ருசி வராது. மூன்று தடவை இப்படி எடுத்துச் சராசரி பார்த்தால் அதுதான் அவர் அளவு.

மாவடுவுக்கு இதைச் செய்து பார்ப்பது நல்லது. ஏனென்றால் உப்பு தப்பினால் அது மன்னிக்காது. பல வீடுகளில் கிலோ வடுவுக்கு 125 முதல் 150 கிராம் கல் உப்பு என்று கணக்கு வரும். காம்பு கொஞ்சம் விட்டு நறுக்கி, கழுவி, துணியில் உலர்த்தி, விளக்கெண்ணெய் இரண்டு ஸ்பூன் விட்டுப் புரட்டி, உப்போடு அடுக்க வேண்டும். மறுநாளே தண்ணீர் விடும். காலையும் மாலையும் குலுக்கிவிட வேண்டும். வடு சுருங்கியபின் அந்தத் தண்ணீரிலேயே கடுகும் மிளகாயும் அரைத்துக் கலப்பார்கள். மகள் செய்யும்போது தவறுவது வழக்கமாக இரண்டு இடத்தில்: கல் உப்புக்குப் பதில் அதே கரண்டியால் தூள் உப்பைப் போடுவது (தூள் இடைவெளியில்லாமல் நிரம்பும், எடை கூடிவிடும்), இல்லையென்றால் ஈரம் காயாத ஜாடியில் போட்டு மேலே வெள்ளை படிய விடுவது. அடிபட்ட வடு ஒன்று உள்ளே போனாலும் குழைந்து பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அம்மா அதை எடுத்து எறிவதை யாரும் எழுதிக்கொள்வதில்லை. அவரும் சொல்வதில்லை, கை தானாகச் செய்வதால். எடைமெஷின் பிடிக்காத விஷயம் இது. ஆகவே ஒருமுறையாவது எதிரே உட்கார்ந்து, அவர் எதைப் போடுகிறார் என்பதோடு எதைத் தள்ளுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது நினைவுகள். ஐம்பதுகளில் இருப்பவர்களுக்கு இதில் இரட்டை வேலை: எண்பதைத் தொட்ட பெற்றோரிடமிருந்து வாங்கவும் வேண்டும், தம் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் வேண்டும். "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் எதுவும் வராது. "என்னத்தைச் சொல்ல" என்று முடித்துவிடுவார்கள். முதல் சம்பளம் எவ்வளவு, அதில் யாருக்கு என்ன வாங்கினீர்கள், முதல்முதலில் கரண்ட் வந்த அன்றைக்கு எங்கே பல்பு போட்டார்கள், பிரசவத்துக்கு யார் வந்தார்கள் என்று பொருளையும் ஆளையும் பிடித்துக் கேட்க வேண்டும். போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின்மேல் முழங்கை தூரத்துக்குள் வைத்து, தலைக்கு மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். நடுவில் கால் வந்து பதிவு அறுந்துபோவதும், விசிறிச் சத்தத்தில் குரல் முழுகுவதும்தான் வழக்கமான விபத்துகள். நாற்பது நிமிஷம் போதும். சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம்.

வருஷம் கேட்டால் தெரியாது என்பார்கள். ஊர் அறிந்த சம்பவத்தைச் சொல்லி, அதற்கு முன்னா பின்னா என்று கேட்டால் வந்துவிடும். நயா பைசா வந்தது 1957. தனுஷ்கோடி புயல் 1964 டிசம்பர். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி. திருச்சி வெள்ளம் 1977. காஞ்சிபுரம் அத்திவரதர் தரிசனம் 1979. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். தஞ்சாவூர்ப் பக்கத்தவர்களுக்கு மகாமகம் நல்ல பிடி: 1968, 1980, 1992, 2004. "மகாமகத்துக்கு மறு வருஷம் பெரியவன் பொறந்தான்" என்று ஒருவர் சொன்னால், பிறகு மற்றப் பிள்ளைகளின் வயதை வைத்து எந்த மகாமகம் என்று கண்டுபிடிப்பது சுலபம்.

பழைய ஜாதக நோட்டில் தமிழ் வருஷம் இருந்தால் கவனம் வேண்டும். அறுபது வருஷச் சுற்று என்பதால் குரோதி என்றால் 1964, அதற்கு முன் 1904, பின் 2024. அதோடு வருஷம் சித்திரையில் பிறக்கிறது. குரோதி வருஷம் தை மாதம் பிறந்தவர் 1965 ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பிறந்தவர். பலர் 1964 என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தலைமுறையில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட பிறந்த தேதி வேறு, நிஜத் தேதி வேறு என்பதும் சகஜம். இரண்டையும் குறித்துவையுங்கள்.

பழைய போட்டோக்களின் பின்பக்கம் பெயர் எழுதும்போது பால்பாயிண்ட் பேனாவைத் தொடாதீர்கள். அழுத்தம் முன்பக்கம் தடமாக எழும், மையும் ஊறும். மென்மையான பென்சிலால் லேசாக, நிற்பவர்கள் இடமிருந்து வலம், உட்கார்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலம் என்று எழுத வேண்டும். "சித்தப்பா" என்று எழுதினால் இருபது வருஷம் கழித்து யாருக்குச் சித்தப்பா என்ற கேள்வி வரும். பெயரும் ஊரும் வேண்டும்.

சொத்து விஷயத்தில் மட்டும் நிலைமை வேறு. இங்கே சீக்கிரம் கொடுத்துவிடுவதுதான் ஆபத்து. "எப்படியும் அவங்களுக்குத்தானே" என்று இருக்கிற ஒரே வீட்டை செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டில் அனுமதி கேட்டு இருக்கும் நிலைக்கு வந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. செட்டில்மெண்ட் பதிவானவுடன் உரிமை போய்விடும். மனம் மாறினால் நீங்களாக ரத்து செய்ய முடியாது. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். அதனால் குடியிருக்கும் வீட்டுக்கு உயில் போதும் என்பது என் அழுத்தமான அபிப்பிராயம். செட்டில்மெண்ட்தான் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், பத்திரத்திலேயே இரண்டு வரி இருக்க வேண்டும். ஒன்று, உங்கள் ஆயுளுக்கும் துணையின் ஆயுளுக்கும் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமை. மற்றது, உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் கைமாற்றத்தைச் செல்லாது என்று அறிவிக்க வழி தருகிறது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். நம் பத்திரங்களில் "அன்பினாலும் பாசத்தினாலும்" என்று மட்டும் எழுதுவது வழக்கம். அது போதுமா, நிபந்தனை வெளிப்படையாக வேண்டுமா என்பதே பல வழக்குகளின் சண்டை. 2022இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனை இருந்தாக வேண்டும் என்றது. எழுதிவிட்டால் அந்தச் சண்டையே வராது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவும் கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்வது நல்லது. இரண்டு சாட்சிகள் கட்டாயம். சொத்து பெறுகிறவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம்; உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். உயிலைத் தனியாக உங்கள் பெயரில் மட்டும் இருக்கும் வங்கி லாக்கரில் வைத்துவிடாதீர்கள். லாக்கரைத் திறக்கவே பிள்ளைகள் காகிதத்தோடு அலைய வேண்டியிருக்கும். நாமினி பெயர் போட்டுவிட்டால் உயில் எதற்கு என்பவர்களும் உண்டு. நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான்; சட்டப்படி சேர வேண்டியது வாரிசுகளுக்கு. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று வந்திருப்பதால், பழைய கணக்குகளில் இன்னும் காலமான அப்பாவின் பெயரே நாமினியாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஆதார், பான், பென்ஷன் புத்தகம் மூன்றிலும் இனிஷியலும் பெயரும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பதையும். "சு. கணேசன்" ஓரிடத்திலும் "கணேசன் சுப்பையா" இன்னோரிடத்திலும் இருந்தால், அதைச் சரிசெய்ய நீங்கள் உயிரோடு இருக்கும்போது ஒரு மதியம் போதும். பிறகு என்றால் வீட்டார் தாலுகா ஆபீஸ் படிக்கட்டில் நிற்க வேண்டும்.

மூட்டு, சர்க்கரை, பிரஷர் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். காதைப் பற்றிச் சொல்வதில்லை. பெரியவர்கள் வீட்டுப் பேச்சிலிருந்து விலகிப்போவதற்குக் கோபமோ வைராக்கியமோ காரணம் என்று நினைக்கிறோம். பாதி இடங்களில் காரணம் காதுதான். வயதில் முதலில் போவது கூர்மையான ஒலிகள். உயிரெழுத்து கேட்கும், ச, த, ப போன்றவை மங்கும். அதனால் "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னு புரியலை" என்பார்கள். கத்திச் சொன்னால் உயிரெழுத்துதான் இன்னும் பெரிசாகும், புரியாது. முதலில் காது மருத்துவரிடம் போய் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனையை எடுக்க வேண்டும்.

காது மெஷின் வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். முதல் நாளே கல்யாண மண்டபத்துக்குப் போட்டுக்கொண்டு போவதும், சமையலறைப் பாத்திரச் சத்தம் மண்டையில் அடிப்பதுமே அதற்குக் காரணம். பல வருஷமாகக் கேட்காத சத்தத்துக்கு மூளை பழக வாரக்கணக்கில் ஆகும். முதல் வாரம் அமைதியான அறையில் ஒருவரோடு மட்டும் இரண்டு மணி நேரம் போட்டுப் பேசிப் பழக வேண்டும். இரண்டு மூன்று தடவையாவது திரும்பப் போய்ச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். சின்ன பட்டன் பேட்டரி என்றால், ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிஷம் காற்றுப்படவிட்டு அப்புறம் போடுங்கள். கடலோர ஊர்களில் ராத்திரி சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும், ஈரத்தில் வீணாகும். வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வேலை உண்டு: மிக்ஸி ஓடும்போது அடுக்களையிலிருந்து கேள்வி கேட்காதீர்கள். எதிரே வந்து, முகம் தெரியப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லாமல் வேறு வார்த்தையில் சொல்லுங்கள்.

இத்தனையும் கொடுத்த பிறகு கை சும்மா இருக்கும். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விடுவதை மட்டும் நம்பி இருந்தால், அவன் ஏழாம் வகுப்புக்குப் போய் "நானே சைக்கிள்ல போறேன்" என்கிற அன்றைக்கு அதுவும் போய்விடும். வயது ஒரு குறையாக இல்லாமல் தகுதியாகவே இருக்கிற வேலை ஒன்றைப் பிடிப்பது உத்தமம். அப்படி ஒன்று தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் இருக்கிறது. நாட்டுடைமையான நூல்களையும் காப்புரிமை முடிந்த நூல்களையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, பக்கத்திலேயே கணினி படித்தெடுத்த எழுத்தையும் வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தில் பிழை ஏராளம். படத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது.

தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது 1978இல். அதற்கு முந்தைய புத்தகங்களில் பழைய ணை, லை, றா, னா எழுத்துகள்தான். கணினி அவற்றில் தடுக்கி விழுகிறது. முப்பது வயதுக்காரர்களும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். அந்த எழுத்தில் பள்ளிப் பாடம் படித்தவர்களுக்குக் கண் தானாக ஓடும். ர என்ற எழுத்தும் துணைக்காலும் ஒன்றுபோல இருப்பதால் கணினி மாற்றிப் படிப்பது, வரி முடிவில் உடைந்த சொல் ஒட்டாமல் நிற்பது, ள, ன குழம்புவது ஆகியவைதான் அடிக்கடி வரும் பிழைகள். போனில் செய்ய முயல வேண்டாம், கழுத்து பிடிக்கும். லேப்டாப்பில் எழுத்தைப் பெரிதாக்கி, தமிழில் தட்டச்சு செய்யப் பேரனையோ பேத்தியையோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லித்தரச் சொல்லுங்கள். முதல் மாதம் ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். மூலத்தில் அச்சுப்பிழை என்று தோன்றினால் திருத்தக் கை துறுதுறுக்கும். திருத்தக்கூடாது, படத்தில் உள்ளது உள்ளபடி வர வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் சறுக்குகிற இடம் இது. ஆரம்பத்தில் நாவலையோ கட்டுரைத் தொகுப்பையோ எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணையும் அடிக்குறிப்பும் நிறைந்த ஆராய்ச்சி நூல்களுக்குத் தனிக் குறியீடுகள் வேண்டும். அவை பழகிய பிறகு.